ஹாலக் முனையில் மண் போட்டவர்

கருப்பசாமி பதினெட்டு வருடங்களாக நியூ ஜெர்சியில் இருக்கிறார். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வீடு. மருந்துக் கம்பெனி ஒன்றில் மென்பொருளைச் சோதிக்கும் வேலை. அலுவலகத்தில் அவர் பெயர் சாம். தமிழ்ச் சங்கத்தில் சாமி. முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிடும் ஆள் இந்த நாட்டில் இல்லை. குடியுரிமைத் தேர்வு நடத்திய அதிகாரி எழுத்துக் கூட்டிப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டுச் சிரித்தார். பிறகு, ஆயிரத்து எண்ணூறுகளில் அமெரிக்கா ஈடுபட்ட போர் ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். 1812ஆம் ஆண்டுப் போர் என்றார் கருப்பசாமி. சரியான விடை. அந்தப் போரைப் பற்றி அவருக்கு அதற்கு மேல் எதுவும் தெரியாது.

வந்த வருடம் பொங்கல் விழாவில் அவர் ஒரு பொய் சொன்னார். ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் விழா. பேப்பர் தட்டுடன் மனைவி வான்மதியிடம் பேசிக்கொண்டே வரிசையில் நின்றிருந்தார். பின்னால் நின்றவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு முன்னால் வந்தார். அவர் நாகரத்தினம். சங்கத்தின் செயலாளர், இப்போது தலைவர்.

"பேச்சு நம்ம பக்கமாட்ட இருக்குதுங்களே?"

"கோபிங்க."

"கோபில எங்க?"

கருப்பசாமி ஊரைச் சொன்னார்.

"அட, எங்களுக்கு அங்கிருந்து பக்கந்தானுங்க. என்ன கூட்டம்?"

அந்தப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் எந்தக் குலம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. ஒரே கூட்டம் என்றால் பங்காளி. வேறு என்றால் மாமன் மச்சான். இரண்டும் இல்லாதவர்களிடம் இந்தக் கேள்வி கேட்கப்படுவதில்லை. கருப்பசாமியின் ஊருக்கு வெளியே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், அதே பெயரில் ஒரு தெரு உண்டு. பெயருக்குப் பின்னால் காலனி என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர் சேர்க்கவில்லை. அவருடைய அப்பா மாரப்பன் ஒரு தோட்டத்தில் மண் வெட்டினார். மஞ்சளுக்குப் பார் பிடிப்பது, வரப்புப் போடுவது, வாய்க்கால் தூர் எடுப்பது. அந்தத் தோட்டத்துக்காரரின் கூட்டத்தைக் கருப்பசாமி தன் கூட்டமாகச் சொன்னார். அவருக்கு நன்றாகத் தெரிந்த கூட்டம் அது ஒன்றுதான்.

நாகரத்தினம் தோளில் தட்டினார். "அப்ப நாம மாமன் மச்சானாச்சு! ஏனுங் மாப்ள, இத மொதல்லயே சொல்றதில்லையா? அப்பா என்ன பண்றாருங்க, தோட்டந்தானா?"

"ரெவின்யூல இருக்காருங்க."

வீடு திரும்பும்போது காரில் வான்மதி கேட்டாள். "தூத்துக்குடின்னு சொல்லியிருக்கலாம்ல? வந்து பாக்கவா போறாங்க?"

"பேச்சு காட்டிக் குடுத்துரும்."

"ஆமா. பேச்ச மாத்த முடியாது. அப்பன மாத்திக்கலாம்."

அதன் பிறகு அந்தப் பொய்யைப் பராமரிக்க வேண்டியிருந்தது. நாகரத்தினத்தின் வீட்டில் கல்யாணச் சீர் பற்றிப் பேச்சு வந்தால் வான்மதி எழுந்து பாத்திரம் கழுவப் போவாள். நாகரத்தினம் ஊருக்குப் போகும் கோடையில் இவர்கள் போக மாட்டார்கள். மகள் ரோஷினி பிறந்தாள். பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் ஸ்தானத்தில் நானிருக்கிறேன் என்று நாகரத்தினம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். தங்கத் தோடும் அவர்தான் வாங்கி வந்தார். வான்மதியின் கூடப்பிறந்த அண்ணன் அந்தியூரில் லாரி ஓட்டுகிறவர். வாட்ஸப்பில் படம் பார்த்துவிட்டுக் கேட்டார். "பாப்பா யாரு மடில உக்காந்திருக்குது?" வான்மதி பதில் எழுதவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.

அப்பா இறந்தபோது செய்தி சங்கத்துக் குழுவுக்கு எப்படியோ போய்விட்டது. நாகரத்தினம் போனில் அழைத்தார்.

"மாப்ள, நீங்க ஃப்ளைட்டப் புடிங்க. எங்க தம்பி பெருந்துறைல இருக்கறான். இப்பவே போய் மாலை போட்டுட்டு வரச் சொல்றேன். எடம் மட்டும் சொல்லுங்க."

"கோயமுத்தூர் ஆஸ்பத்திரிலதாங்க மச்சான். அங்கயே எலக்ட்ரிக்ல முடிச்சர்றோம்."

"ஊருக்குக் கொண்டு போகலீங்களா?"

"இல்லீங்க."

மாரப்பனை வாய்க்கால் கரையில், அவர்கள் ஆட்களுக்கென்று விட்டிருந்த இடத்தில் புதைத்தார்கள். கருப்பசாமி போய்ச் சேர்ந்தபோது மேட்டின் மேல் மண் காய்ந்திருந்தது. தாத்தா ரெவின்யூவில் இருந்தார் என்றுதான் ரோஷினிக்கும் சொல்லி வைத்திருந்தார்கள். சபரியின் அப்பாவிடம் ஒன்று, மகளிடம் ஒன்று என்று இரண்டு பொய் வைத்துக்கொள்ள முடியாது. சபரி நாகரத்தினத்தின் மகன். ரோஷினியின் பள்ளியில்தான் படிக்கிறான்.

ஹாலக் முனையைக் கண்டுபிடித்தவள் ரோஷினிதான். ராரிட்டன் வளைகுடாவின் கரையில் ஒரு சின்னப் பூங்கா. பள்ளியில் சமூக சேவைக் கணக்குக்காகச் சனிக்கிழமைகளில் அங்கே வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலையில் சேர்ந்தாள். ஒரு நாள் அப்பாவையும் அம்மாவையும் அழைத்துப் போய் அவர்களுக்கும் சொன்னாள்.

பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. புல் முளைத்த நீளமான மண்கரை. அதற்கு முன்னால் ஒரு பள்ளம். தள்ளிக் கடல். தெளிவான நாளில் பாலம் தெரியும், அதற்குப் பின்னால் நியூயார்க் துறைமுகம். 1814 கோடையில் ஆங்கிலேயக் கப்பல்கள் இந்தப் பக்கக் கடலில் சுற்றிக்கொண்டிருந்தன. ஆகஸ்டில் வாஷிங்டனில் இறங்கி ஜனாதிபதி மாளிகையைக் கொளுத்தினார்கள். அடுத்தது நியூயார்க்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். ராணுவத்தில் ஆள் போதவில்லை. ஜனங்களே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார்கள். துறைமுகத்தைச் சுற்றி மேடான இடத்திலெல்லாம் கரை எழுப்பினார்கள்.

"தொழில் தொழிலா வந்தாங்க அப்பா," என்று ஆங்கிலத்தில் சொன்னாள் ரோஷினி. "ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு நாள். அவங்கவங்க கொடிய அவங்களே தூக்கிட்டு வந்தாங்க."

பலகையில் எழுதியிருந்தது. கசாப்புக்காரர்கள். தச்சர்கள். மாணவர்கள். சுதந்திரம் பெற்ற கறுப்பினத்தவர்கள். தோல் பதனிடுபவர்கள். செருப்புத் தைப்பவர்கள். கருப்பசாமி கடைசி இரண்டையும் மறுபடி படித்தார். மாரப்பனின் அப்பா கிணற்றில் நீர் இறைக்கும் தோல் சால் தைத்தவர்.

"அப்புறம் கப்பல் வந்துச்சா?" என்று வான்மதி கேட்டாள்.

"நெவர் கேம்," என்றாள் ரோஷினி.

ஒவ்வொரு செப்டம்பரிலும் அங்கே மண் போடும் நாள் என்று ஒரு வழக்கம் உண்டு. மழையில் கரைந்த கரையை ஊர்க்காரர்கள் திரும்ப உயர்த்துவார்கள். தீயணைப்புப் படை, போர்ச்சுகீசியர் சங்கம், கறுப்பினத்தவர்களின் ஒரு தேவாலயம் என்று ஒவ்வொரு குழுவுக்கும் கரையில் ஒரு துண்டு. நூல் கட்டியிருக்கும். பள்ளத்திலிருந்து மண்ணை அள்ளி நூல் மட்டத்துக்கு ஏற்ற வேண்டும். முரசு அடித்ததும் நிறுத்த வேண்டும். தமிழ்ச் சங்கத்துக்கும் ஒரு துண்டு கேட்கலாமே என்று ரோஷினி ஒரு விருந்தில் சொல்லிவிட்டாள். நாகரத்தினம் பிடித்துக்கொண்டார்.

"எக்ஸலன்ட் ஐடியா கண்ணு. டவுன்ஷிப்புல நம்ம மொகம் தெரியோணுமல்ல. கவுன்சில் மெம்பர இன்வைட் பண்ணிரலாம். பொன்னாட ஒண்ணு ஓக் ட்ரீ ரோட்ல வாங்கிருங்க."

"மண்ணு அள்ளோணுமாம் மச்சான்," என்றார் கருப்பசாமி.

"அள்ளுனாப் போச்சு! எங்கூட்டு லான் வெட்டறதுக்கே ஆளு வருது, இருந்தாலும் நாட்டுக்காக அள்ளலாமுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கருப்பசாமியும் சிரித்தார்.

கிளம்பும் அன்று காலையில் வான்மதி புளிசாதத் தட்டுகளுக்கு ஃபாயில் மூடிக்கொண்டே சொன்னாள். "சோறு போடுங்க. போட்டோ எடுங்க. அந்தப் பள்ளத்துல மட்டும் எறங்காதீங்க."

"எறங்கினா என்ன?"

"கை மறந்திருக்காது."

பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு லீவிலும் அவர் அப்பாவோடு மண் வெட்டப் போனவர். அது அவளுக்குத் தெரியும்.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. பள்ளத்தில் களிமண் கொழகொழவென்று கிடந்தது. சங்கத்தார் வேட்டியும் மஞ்சள் டீ-ஷர்ட்டுமாக வந்தார்கள். மற்றக் குழுக்கள் வேலையில் இறங்கிவிட்டன. சங்கம் குத்துவிளக்கை ஏற்றிக்கொண்டிருந்தது. கடல்காற்றில் திரி நிற்கவில்லை. நாலு பேர் குடை பிடித்தார்கள். பக்கத்துத் துண்டில் தேவாலயக் குழு. அதில் லொரெட்டா என்ற அறுபது வயதுப் பெண்மணி முழங்கால் வரை சேற்றோடு ஏறிவந்து பார்த்தார். விஷயம் புரிந்ததும் தன் வண்டியிலிருந்து பேட்டரி மெழுகுவத்தி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதை விளக்கின் மேல் வைத்துக் கும்பிட்டார்கள். கவுன்சில் உறுப்பினருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நாகரத்தினம் பேசினார். கரிகாலன் கல்லணை கட்டியதிலிருந்து ஆரம்பித்து நியூயார்க் துறைமுகத்துக்கு வந்து சேர நேரமாயிற்று. நன்றியுரைக்கு ஒருவர் இருந்தார். பிறகு ஒவ்வொருவராக ஷவலைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அள்ளவும் அள்ளினார்கள். ஆனால் சேற்றை அப்படியே சரிவின் மேல் வீசினார்கள். அது வீசிய வேகத்தில் வழிந்து பள்ளத்துக்கே வந்தது. வேட்டி நனைந்ததும் பெரியவர்கள் மேலே ஏறிவிட்டார்கள். சபரியும் மற்றப் பையன்களும் கரைமேல் உட்கார்ந்து போன் பார்த்தார்கள். பள்ளத்தில் ரோஷினி மட்டும் நின்றாள். பக்கத்துத் துண்டு நூலைத் தொட்டுவிட்டது. இவர்கள் துண்டு காலையில் இருந்ததைவிடத் தாழ்ந்திருந்தது.

சபரி மேலிருந்து வீடியோ எடுத்தான். "ரோஷினி வெர்சஸ் தி பிரிட்டிஷ் எம்பயர்!" பையன்கள் கைதட்டினார்கள்.

ரோஷினி நிமிர்ந்து அப்பாவைத் தேடினாள். அவர் புளிசாத மேசைக்குப் பின்னால் கரண்டியோடு நின்றிருந்தார்.

"நோ ஒன் இஸ் ஹெல்ப்பிங், அப்பா."

அழவில்லை. கையைத் திருப்பிக் காட்டினாள். உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

கருப்பசாமி கரண்டியை வைத்தார். வான்மதி ஏதோ சொன்னாள். அவர் ஷூவைக் கழற்றினார். பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். மேசையில் கிடந்த துண்டை எடுத்து வெயிலுக்காகத் தலையில் கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். வெறுங்காலில் சேறு ஏறியது.

மேல் சேற்றை ஒதுக்கித் தள்ளினார். அடியில் கெட்டி மண் இருந்தது. அதைக் கட்டி கட்டியாக வெட்டி எடுத்தார். கரையின் காலடியில் வரிசையாக வைத்து ஷவலின் பின்பக்கத்தால் தட்டினார். ஏறி மிதித்தார். அதன் மேல் அடுத்த வரி. புல்லோடு கிடந்த கட்டிகளை வெளிப்பக்கம் பார்த்து அணைத்தார். ரோஷினி எடுத்துக் கொடுத்தாள். "வேர் கீழ இருக்கோணும். இப்படி." அவர் பேசியது அவ்வளவுதான். கரை ஏறிக்கொண்டே வந்தது. மேலே பேச்சுக் குறைந்தது. போர்ச்சுகீசியர் சங்கத்துக்காரர் ஒருவர் விசிலடித்தார். லொரெட்டா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "சம்படி ரெய்ஸ்டு யூ ரைட்," என்றார். உன்னை ஒழுங்காக வளர்த்திருக்கிறார்கள் என்று.

நூல் மண்ணில் பதிந்த பிறகும் அவர் தட்டிக்கொண்டிருந்தார். முரசு கேட்டதும் நிறுத்தினார்.

நாகரத்தினம் இறங்கி வந்தார். முகம் மலர்ந்திருந்தது. உண்மையான சந்தோஷம். கையில் தண்ணீர் பாட்டில்.

"மாப்ள! மானத்தக் காப்பாத்திட்டீங்க. இந்தாங்க, மொதல்ல தண்ணி குடிங்க."

பாட்டிலை நீட்டினார்.

கருப்பசாமிக்கு மூச்சு வாங்கியது. கண்ணில் வியர்வை. தலையிலிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கினார். இரண்டடி பின்னால் நகர்ந்தார். குனிந்து இரண்டு கைகளையும் சேர்த்து வாய்க்குக் கீழே குவித்தார்.

நாகரத்தினத்தின் கை தானாகவே உயர்ந்தது. பாட்டிலைச் சாய்த்தார். தண்ணீர் மேலிருந்து விழுந்தது. கருப்பசாமி குடித்தார். இரண்டு மிடறு. மூன்றாவது மிடறில், தான் எப்படி நின்று குடிக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர் விரல்களுக்கிடையில் ஒழுகிப் போயிற்று. அவர் நிமிரவில்லை. நாகரத்தினம் ஊற்றுவதை நிறுத்தவில்லை. பாட்டில் காலியாகும் வரை ஊற்றினார்.

சுற்றிலும் அத்தனை பேர் இருந்தார்கள். கையில் சேறு, அதனால் ஊற்றிக் குடிக்கிறார் என்றுதான் எல்லோரும் பார்த்திருப்பார்கள். லொரெட்டா கைதட்டினார். துண்டு கக்கத்துக்குப் போனதற்குப் பொருள் அந்தக் கடற்கரையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். கரைமேல் நின்ற வான்மதியைச் சேர்த்தால் மூன்று பேர்.

நாகரத்தினம் காலி பாட்டிலின் மூடியை நிதானமாகத் திருகினார்.

"அப்பா ரெவின்யூலதான இருந்தாரு?"

"ஆமாங்க."

"எந்தத் தாலுக்கா ஆபீசு?"

கருப்பசாமி துண்டைக் கக்கத்திலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நாகரத்தினம் பதிலுக்குக் காத்திருக்காமல் மேலே ஏறிப் போனார். சாப்பிடும்போது அவர் வேறு மேசையில் உட்கார்ந்தார். குழுப் படத்தில் கருப்பசாமி இல்லை. ஷூ போட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது காரில் ரோஷினி பின்சீட்டிலிருந்து கேட்டாள். "அங்கிள் ஏன் மேலேருந்து ஊத்தினாரு? பாட்டிலக் குடுத்திருக்கலாமே?"

"கையெல்லாம் சேறு இல்ல?"

வான்மதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சங்கத்தில் யாரும் நேராக எதுவும் கேட்கவில்லை. சண்டை போட்டிருந்தால் எதிர்ச்சண்டை போட்டிருக்கலாம். தீபாவளிக்கு நாகரத்தினம் வீட்டில் கூடுவது வழக்கம். அந்த வருடம் உடம்பு சரியில்லை என்றார்கள். பிறகு அங்கே எல்லோரும் கூடியிருக்கும் படங்கள் வந்தன. வாட்ஸப்பில் புதிதாக ஒரு குழு தொடங்கினார்கள். பழைய குழு அப்படியே இருந்தது, அதில் கருப்பசாமி போடும் பொங்கல் வாழ்த்து மட்டும் தனியாகக் கிடந்தது. ஓக் ட்ரீ ரோட்டில் காய்கறிக் கடையில் நாகரத்தினத்தின் மனைவி வான்மதியைப் பார்த்தாள். முருங்கைக்காயை எடுத்து மோந்துகொண்டே அடுத்த வரிசைக்குப் போனாள்.

"முருங்கக்காய மோந்து பாத்து வாங்கறவள இன்னிக்குத்தான் பாத்தேன்," என்றாள் வான்மதி. சிரிக்க முயன்றாள். பிறகு, "இப்பவாவது பாப்பாகிட்ட சொல்லீருங்க. இனி யாருக்காக மறைக்கறீங்க?" என்றாள்.

"சொல்றேன்."

அவர் சொல்வதற்கு முன் சபரி சொல்லிவிட்டான். வசந்தத்தில் ஒரு மாலை ரோஷினி பள்ளியிலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றாள். வான்மதி தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கருப்பசாமி மேசையில் லேப்டாப்போடு இருந்தார்.

"சபரி சொல்றான், அவங்க மாதிரி ஆளுங்ககிட்ட தாத்தா மண் வெட்டுற வேலை பாத்தாராம். நாம பொய் சொல்லி அவங்ககூடச் சேந்துக்கிட்டோமாம்." எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு சொல்லை மட்டும் தமிழ் உச்சரிப்பில் சொன்னாள். "காலனின்னா என்ன அப்பா?"

வான்மதி குழாயை நிறுத்தினாள். அவள் திரும்பவில்லை. முதுகு காத்திருந்தது.

எளிதான நேரம் அது. ஆமாம் என்று ஒரு சொல் போதும். மாரப்பன் போட்ட வரப்பில் தண்ணீர் கசியாது என்று ஊரில் சொல்வார்கள், அதையும் சொல்லியிருக்கலாம். அந்தச் செப்டம்பர் நாளில் நீ எடுத்துக் கொடுத்துக் கட்டியது தாத்தாவின் கரை என்று சொல்லியிருக்கலாம்.

"அவனுக்கென்ன தெரியும்," என்றார் கருப்பசாமி. "தாத்தா ரெவின்யூல இருந்தாரு."

ரோஷினி அவரைப் பார்த்தாள். அம்மாவின் முதுகைப் பார்த்தாள்.

"ஓகே," என்றாள்.

மாடிக்குப் போய்விட்டாள். வான்மதி குழாயைத் திறந்தாள். கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள்.

ஆகஸ்டில் போன் வந்தது.

"கருப்பசாமியா? நாகரத்தினம் பேசறேன்."

முழுப் பெயர். அதை இந்த நாட்டில் ஒருவர் தடுமாறாமல் சொன்னது அதுதான் முதல் முறை.

"சொல்லுங்க." அதற்குப் பின்னால் வழக்கமாக வரும் மச்சான் வரவில்லை.

"ஹாலக் பாயின்ட் டேட் வந்திருச்சப்பா. இந்த வருசமும் நம்மளுக்கு எடம் குடுத்திருக்கறாங்க. மண்ணு வேலைய நீயே முன்ன நின்னு பாத்துக்க. உனக்குக் கை வந்த வேலைதானே."

குரலில் கோபம் இல்லை. பழைய பிரியம்கூட இருந்தது, இடம் மாறி.

"அன்னிக்கு வேலை இருக்குதுங்க."

"சனிக்கெழமை என்ன வேலை?"

"இருக்குதுங்க."

"சரி, விடு. ஆள வச்சுக்கறோம்."

போனை வைத்தபிறகுதான் கவனித்தார். சோபாவில் சாய்ந்திருந்தவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

மண் போடும் நாளன்று ரோஷினி காலையிலேயே பழைய ஜீன்ஸோடு கீழே வந்தாள். டிராப் பண்ண முடியுமா என்றாள்.

"யார்கூட? சங்கத்துலதான் நாம..."

"லொரெட்டா ஆன்ட்டிகூட."

பூங்காவில் அவள் இறங்கி நேராகத் தேவாலயத்துத் துண்டுக்குப் போனாள். லொரெட்டா அவளைக் கட்டிக்கொண்டு ஒரு ஷவலைக் கொடுத்தார். கருப்பசாமி காரிலேயே இருந்தார். வண்டி நிறுத்தும் இடம் மேட்டில் இருந்தது. கரை முழுவதும் தெரிந்தது.

சங்கத்தின் துண்டில் மூன்று பேர் வேலை செய்தார்கள். நாகரத்தினம் வீட்டு லான் வெட்டுகிற ஆட்கள். குத்துவிளக்கு வருவதற்குள் பாதியை முடித்துவிட்டார்கள். சங்கத்துக்காரர்களின் பாட்டில்கள் ஐஸ் பெட்டியில் விளக்குக்குப் பக்கத்தில் இருந்தன. அந்த ஆட்களின் குடம் போன்ற ஆரஞ்சுநிறத் தண்ணீர்க் கூலர் அவர்கள் டிரக்கின் பின்சக்கரத்தருகே புல்லில் இருந்தது. யாரும் அப்படி வைக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களே அங்கே வைத்திருப்பார்கள். நாகரத்தினம் ஒருவரிடமிருந்து ஷவலை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

ரோஷினி வெட்டினாள். கட்டிகளைக் காலடியில் வரிசையாக வைத்தாள். பின்பக்கத்தால் தட்டினாள். புல் கட்டியைப் பக்கத்திலிருந்தவர் தலைகீழாக வைத்தபோது எடுத்துத் திருப்பி வேர் கீழே இருக்கும்படி வைத்துக் காட்டினாள். வெயில் ஏறியது. காருக்குள் கொதித்தது. அவர் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார், முகம் தெரியாத அளவுக்கு.

முரசு அடித்தது. லொரெட்டா ஒரு பெரிய பாட்டிலை எடுத்து வாய் வைத்துப் பாதி குடித்துவிட்டு ரோஷினியிடம் கொடுத்தார். அவள் கையெல்லாம் சேறு. அந்தச் சேற்றுக் கையாலேயே வாங்கி, வாய் வைத்து, தலையை அண்ணாந்து குடித்தாள். பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தாள். அவர் துடைக்காமல் குடித்தார். பாட்டில் சேறும் விரல் தடமுமாக மறுபடி அவள் கைக்கு வந்தது.

அவள் அதோடு காருக்கு வந்தாள். முன்சீட்டில் உட்கார்ந்தாள். இருக்கையில் சேறு பட்டது. சட்டை முதுகில் ஒட்டும்படி வியர்த்திருந்த அப்பாவைப் பார்த்தாள். பாட்டிலில் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நீட்டினாள்.

"வேணுமா?" என்று தமிழில் கேட்டாள்.

கருப்பசாமி பாட்டிலைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தார். கீழே நாகரத்தினம் குழுப் படத்துக்கு ஆட்களை நெருங்கி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இந்தப் பக்கம் திரும்பினால் வண்டி தெரியும்.

"வேண்டாம்மா. தாகமில்ல," என்றார். வண்டியை எடுத்தார்.